கிருமி செய்யும் பிளாஸ்டிக்: லாபம் எவருக்கு, குப்பை எவருக்கு?

வடக்குப்பட்டில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா வழிமறித்தார். கையில் சாணி ஒட்டிய ஒரு பை. பையின் மேல் பச்சை இலைப் படம். அதன் கீழே “மக்கும் பை” என்ற எழுத்து.

“தம்பி, கூட்டத்துல உலக சங்கதியெல்லாம் பேசறீங்க. இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. மக்கும்னு எழுதியிருக்குதேன்னு எருக்குழியில போட்டேன். ஆறு மாசம் ஆச்சு. நேத்து எரு வாரப் போனா போட்டது போட்டபடி கிடக்குது. எழுத்துகூட அழியல. எழுதினவன் பொய்யனா, இல்ல எங்க ஊரு மண்ணு பொய்யா?” என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியாமல் நின்றேன். நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். விஞ்ஞானம் படித்த தோழர்களிடம் விசாரித்தேன். கிடைத்த புத்தகங்களைப் புரட்டினேன். விசாரிக்க விசாரிக்க, அந்த அக்காவின் கேள்வி ஒரு பையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பது விளங்கிற்று. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லாத் தோழர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வடக்குப்பட்டு மண் பொய் சொல்லாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அந்த ஊரில் குழி வெட்டி ஆராய்ந்தது. ஆதி மனிதன் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. பழங்காலத்துப் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. கல் கல்லாகவே இருந்தது. சுட்ட ஓடு ஓடாகவே இருந்தது. ஆனால் அந்த மனிதர்கள் தின்று போட்ட தோலும் தழையும், மூடிப்படுத்த வைக்கோலும் எங்கே? அவற்றை மண் தின்று தீர்த்துவிட்டது. தனக்குத் தின்னத் தெரிந்ததை மண் விட்டுவைக்காது. தின்னத் தெரியாததைத் தொடாது. இதுதான் மண்ணின் நியாயம்.

அப்படியானால் மண்ணுக்குத் தின்னத் தெரிந்த பிளாஸ்டிக் உண்டா? உண்டு. அதைச் செய்கிறவனும் மண்ணில் வாழ்கிறவன்தான்.

பாலிதீனுக்கு மூத்த அண்ணன்

நாம் அன்றாடம் பார்க்கும் பாலிதீன் 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியின் சோதனைச்சாலையில் பிறந்தது. அது இன்று பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதைக் கடித்துச் செரிக்கும் வழி தெரியாது. வெயிலிலும் மழையிலும் அது நொறுங்கிப் பொடியாகுமே தவிர மண்ணாவதில்லை.

ஆனால் பாலிதீனுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பிளாஸ்டிக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1926-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரீஸ் லெமுவான் என்ற விஞ்ஞானி, பேசில்லஸ் மெகாதீரியம் என்ற மண் பாக்டீரியாவை ஆராய்ந்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிரின் உடம்புக்குள் ஒரு பொருள் மணிமணியாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார். அதன் பெயர் பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட். வாயில் நுழையாத பெயர், பி.எச்.பி. என்று சுருக்கிச் சொல்லலாம். பிரித்தெடுத்து உருக்கினால் அதை அச்சில் வார்க்கலாம், தகடாக இழுக்கலாம், புட்டி செய்யலாம். இந்தப் பி.எச்.பி.யும் இதன் உறவுப் பொருள்களும் சேர்ந்த குடும்பத்துக்கு பி.எச்.ஏ. என்று பெயர்.

பாக்டீரியா எதற்காகப் பிளாஸ்டிக் செய்கிறது? நமக்குப் பை தைப்பதற்கா? இல்லை. நல்ல விளைச்சல் கண்ட வருஷத்தில் குடியானவன் என்ன செய்கிறான்? தின்றது போக மிஞ்சிய நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிறான். பஞ்சம் வந்தால் குதிரைத் திறக்கிறான். பாக்டீரியாவும் இதையேதான் செய்கிறது. சர்க்கரைச் சத்து ஏராளமாகக் கிடைத்து, தழைச்சத்தோ மணிச்சத்தோ தட்டுப்பட்டால் அதனால் வளர்ந்து பெருக முடியாது. மிஞ்சிய சர்க்கரையைப் பி.எச்.பி.யாக மாற்றி உடம்புக்குள் அடைத்துக்கொள்கிறது. பிறகு பட்டினி வந்தால் அதையே கரைத்துத் தின்கிறது. குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்று ஒரு பாக்டீரியா உண்டு. தன் காய்ந்த எடையில் 100-க்கு 80 பங்கு வரை இந்தப் பொருளைச் சேர்த்து வைக்கக்கூடிய பலே குடியானவன் அது!

ஒரு நுண்ணுயிரின் குதிரில் இருப்பது இன்னொரு நுண்ணுயிருக்கு இரைதானே? மண்ணிலும் குளத்திலும் கடலிலும் இதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்களும் காளான்களும் நிறைய உண்டு. ஆகவே பி.எச்.பி.யில் செய்த மெல்லிய தகடு, ஈரமும் சூடும் உள்ள மண்ணில் சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துபோகிறது. தடித்த பண்டமென்றால் கூடுதல் காலம் பிடிக்கும். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்தான்.

மூன்று என்சைம், ஒரு மில்

பாக்டீரியாவுக்குள் இந்த வேலையைச் செய்வது யார்? என்சைம்கள். வாயில் சோற்றைப் போட்டு நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது எச்சிலில் உள்ள என்சைமின் வேலை. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிருக்குள்ளும், இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிருக்குள்ளும் வேலை செய்கிறவை என்சைம்களே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

நூல் மில்லில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பஞ்சு நேராக நூலாவதில்லை. கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று இலாகா இலாகாவாகப் போகிறது. இங்கேயும் முக்கியமாக மூன்று இலாகா. சர்க்கரை முதலில் சின்னச் சின்னத் துண்டாக உடைகிறது. முதல் என்சைம் இரண்டு துண்டுகளை ஒட்டுகிறது. இரண்டாவது என்சைம் அதில் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறது. மூன்றாவது என்சைம், அதன் பெயர் பி.எச்.ஏ. சிந்தேஸ், பக்குவப்பட்ட துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக நூற்கிறது. பாலியெஸ்டர் நூல் நமக்குப் புதிதல்லவே! ரசாயன வகையில் பி.எச்.பி.யும் ஒரு பாலியெஸ்டர்தான். ஒன்றைப் பெட்ரோலிய ஆலை செய்கிறது. மற்றதைக் கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்கிறது.

இங்கேதான் மனிதனின் அறிவு புகுந்தது. ஒவ்வொரு என்சைமையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற உத்தரவுச் சீட்டு ஜீன் என்ற உருவில் உயிருக்குள் எழுதப்பட்டிருக்கிறது. 1988, 1989 ஆண்டுகளில் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த மூன்று என்சைம்களின் ஜீன்களைப் பிரித்தெடுத்து, நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது வேகமாகப் பெருகும் இனம். அதுவும் பி.எச்.பி. செய்யத் தொடங்கியது. இதில் ஒரு விசேஷம்: குதிரை நிரப்பத் தெரிந்துகொண்ட ஈ. கோலைக்கு, குதிரைத் திறந்து தின்னும் என்சைம் கிடையாது. சேர்த்ததெல்லாம் சேர்ந்தபடியே இருக்கும்!

அதற்கடுத்த கட்டம் என்சைமையே திருத்துவது. என்சைம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை. மாலையில் ஓரிரு மணியை மாற்றிக் கோத்தால் அதன் பிடி மாறுகிறது. முன்பு ஏற்காத துண்டை இப்போது ஏற்றுக்கொள்கிறது. தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தை எந்தப் பி.எச்.ஏ. சிந்தேஸும் சங்கிலியில் கோத்ததில்லை. 2008-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகுச்சியும் அவருடைய சகாக்களும், திருத்திய என்சைமைக் கொண்டு அதைக் கோக்க வைத்தார்கள். 2009-ல் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் லீ சாங் யுப் தலைமையிலான குழு, பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கை ஒரு பாக்டீரியாவுக்குள்ளேயே முழுவதுமாகச் செய்து காட்டியது. வழக்கமான முறையில் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் செய்யும். அதைச் சங்கிலியாகக் கோக்கச் சூடும் ரசாயனமும் வேண்டும். இங்கே ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கிருமியின் வேலை. மகத்தான சாதனை, சந்தேகமில்லை.

கைமாறிய சரக்கு

இவ்வளவு அருமையான பொருள் 1926-லேயே தெரிந்திருந்தும், நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ஏன் இல்லை?

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் கிரேஸ் கம்பெனி இதைச் செய்து பார்த்தது, கைவிட்டது. 1973-ல் பெட்ரோலிய விலை ஏறியதும் பாலிதீனைக் கண்டுபிடித்த அதே ஐ.சி.ஐ. கம்பெனிக்குக் கிருமியின் ஞாபகம் வந்தது. பி.எச்.பி. சீக்கிரம் உடைகிற சரக்கு என்பதால் பாக்டீரியாவுக்கு வேறொரு அமிலத்தையும் ஊட்டி, வளைந்து கொடுக்கும் வகையொன்றைச் செய்தார்கள். ‘பயோபோல்’ என்று பெயரிட்டார்கள். 1990-ல் ஜெர்மனியில் அந்தப் பிளாஸ்டிக்கில் ஷாம்பு புட்டிகூட வந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஐ.சி.ஐ.யிலிருந்து 1993-ல் பிரிந்த ஜெனெகா கம்பெனிக்கு அது போயிற்று. 1996-ல் மான்சாண்டோ அதை வாங்கியது. இரண்டே வருஷத்தில் வேலையை நிறுத்தியது. 2001-ல் மெட்டபாலிக்ஸ் வாங்கியது. பெரிய தானிய வியாபாரக் கம்பெனியான ஏ.டி.எம். அதனுடன் கூட்டுச் சேர்ந்து, அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஆண்டுக்கு 50,000 டன் செய்யும் ஆலை போட்டது. 2012-ல் ஏ.டி.எம். கூட்டை முறித்துக்கொண்டது. 2016-ல் மெட்டபாலிக்ஸ் தன் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தைத் தென்கொரியாவின் சி.ஜே. கம்பெனிக்கு 1 கோடி டாலருக்கு விற்றது. இதே பி.எச்.ஏ. தொழிலில் இறங்கிய இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான டேனிமர், 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது.

ஒவ்வொரு தடவையும் என்ன காரணம்? கிருமி வேலைநிறுத்தம் செய்ததா? இல்லை. பொருள் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோலியப் பிளாஸ்டிக் அதைவிட மலிவாக இருந்தது, அவ்வளவே.

மலிவு! இந்தச் சொல்லைத்தான் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். பாலிதீன் பையை வாங்குகிறவன் கொடுக்கும் காசில் அந்தப் பை உண்டாக்கும் செலவு முழுவதும் அடங்குகிறதா? மதகை அடைத்த பையை எடுக்கக் கழுத்தளவு சாக்கடையில் இறங்குகிறவன் கூலியை எந்தக் கம்பெனி கொடுக்கிறது? பையைத் தின்று வயிறு உப்பிச் செத்த மாட்டின் விலையை எவன் கட்டுகிறான்? ஏரிக்கால்வாய் அடைபட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் காய்ந்த பயிருக்கு யார் பொறுப்பு? ஊராட்சியில் சொற்பத் தொகுப்பூதியத்துக்குக் குப்பை பொறுக்கும் தூய்மைக் காவலரின் முதுகில் அந்தச் செலவு ஏறுகிறது. லாபத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. பாக்கிச் செலவை ஊர் சுமக்கிறது. இப்படிக் கணக்கெழுதினால் பாலிதீன் மலிவாகத்தான் தெரியும். முழுச் செலவையும் அதன் தலையில் எழுதிவிட்டு, பிறகு கிருமிப் பிளாஸ்டிக்கோடு போட்டிக்கு விடட்டும், பார்ப்போம்!

உலகத்தில் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்குமேல் பிளாஸ்டிக் செய்கிறார்கள். தாவரத்திலிருந்தும் கிருமியிலிருந்தும் வருவது அதில் 100-க்கு 1 பங்குகூட இல்லை. 1926-ல் பிறந்தவன் இன்னும் தவழ்கிறான். 1933-ல் பிறந்தவன் உலகத்தையே மூடிவிட்டான்.

எருக்குழியில் கிடந்த பை

இப்போது அக்காவின் பைக்கு வருவோம். அது மக்காததற்கு என்ன காரணம்?

“மக்கும் பை” என்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாவின் குதிரிலிருந்து வந்த பி.எச்.பி. அல்ல. மாவுப் பொருளையோ பி.எல்.ஏ.யையோ, பெட்ரோலியத்திலிருந்து செய்யும் மக்கக்கூடிய இன்னொரு பிளாஸ்டிக்குடன் கலந்து செய்பவை. இவையும் மக்கும், பொய்யில்லை. ஆனால் எங்கே மக்கும் என்பதைத்தான் எழுதுவதில்லை. பி.எல்.ஏ. சரிவர மக்க வேண்டுமானால் 60 டிகிரி அளவு சூடும், ஈரமும், காற்றோட்டமும் விடாமல் இருக்கவேண்டும். அதற்கென்று அமைத்த பெரிய உரக்கூடத்தில்தான் அது கிடைக்கும். வீட்டு எருக்குழியிலும் வயல் வரப்பிலும் அந்தச் சூடு நிலைத்து நிற்காது. அங்கே போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். ஏரியில் விழுந்தால் அதே கதி. அந்த மாதிரி உரக்கூடம் எத்தனை ஊராட்சியில் இருக்கிறது? பையை விற்க அனுமதி உண்டு. மக்க வைக்க இடம் இல்லை. எருமைக்கு விலை பேசிவிட்டுக் கயிற்றுக்குக் கைவிரித்த கதைதான்!

இன்னொரு சூதும் உண்டு. சாதாரண பாலிதீனில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து, அது வெயிலில் சீக்கிரம் பொடியாகும்படி செய்து “மக்கும்” என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பொடியாவது வேறு, மக்குவது வேறு. கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாகிறது. பயிரிலும் மீனிலும் கலந்து நம் தட்டுக்கே திரும்பி வருகிறது.

ஆகவே அக்கா, உங்கள் ஊர் மண் பொய்யல்ல. பையில் எழுதியவன் பாதி உண்மையை எழுதினான். மறைத்த பாதியில்தான் அவன் லாபம் இருக்கிறது.

தடை யார் தலையில் விழுந்தது?

தமிழ்நாடு சர்க்கார் 2018 ஜூனில் உத்தரவு போட்டு, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை உபயோகப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் மத்திய சர்க்காரும் சில வகைகளைத் தடை செய்தது. தடை வேண்டியதே. அதை எதிர்க்கிறவன் நானல்ல. 2021 டிசம்பரில் தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் நல்லதே. பருத்திப் பை புழங்கினால் நூல் மில்லுக்கும் தறிக்கும் வேலை உண்டு.

ஆனால் 2018-ஆம் ஆண்டின் உத்தரவைப் படித்துப் பாருங்கள். ஆலையிலேயே சரக்கை அடைத்து ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் உறைக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். பிஸ்கட்டும் நொறுக்குத் தீனியும் செய்யும் பெரிய கம்பெனியின் உறை தப்பித்தது. பூக்காரம்மாவின் கைப்பை மாட்டிக்கொண்டது. அந்த விலக்கை நீக்கி உத்தரவு வந்தது 2020 ஜூனில். ஒன்றரை வருஷம் சின்னக் கடைக்காரன்தான் அபராதம் கட்டினான். தகடு ஊதும் சின்னப் பட்டறைகள் மூடியபோது அங்கே வேலை செய்தவர்களுக்கு மாற்று வேலை என்ன? எந்த உத்தரவிலும் ஒரு வரி இல்லை. மாற்றுப் பொருள் வரும்போதும் இதே கதை திரும்ப நடக்கக்கூடாது என்பதால்தான் இப்போதே பேசுகிறேன்.

மூன்று கிலோ சர்க்கரை

மாற்றுப் பொருள் வந்துகொண்டிருக்கிறது, தோழர்களே! 2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை ‘பயோ ஈ3’ என்ற கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. உயிர்களைக் கொண்டு ரசாயனமும் என்சைமும் பிளாஸ்டிக்கும் செய்யும் தொழில்களை வளர்ப்பது அதன் நோக்கம். 2025 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துக் கும்பி என்ற இடத்தில், பல்ராம்பூர் சீனி மில்ஸ் என்ற சர்க்கரைக் கம்பெனி பி.எல்.ஏ. ஆலைக்கு அஸ்திவாரம் போட்டது. முதலீடு 2,850 கோடி ரூபாய்; ஆண்டுக்கு 80,000 டன் பிளாஸ்டிக். கரும்புச் சர்க்கரையை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்கும், அதிலிருந்து பிளாஸ்டிக். உயிரிப் பிளாஸ்டிக்குக்கென்று மாநில சர்க்கார் ஒரு கொள்கையே போட்டு மானியச் சலுகைகளையும் அறிவித்திருக்கிறது.

இங்கே விவசாயத் தொழிலாளி ஒரு கேள்வி கேட்பான்: தின்கிற சர்க்கரையைப் பிளாஸ்டிக் ஆக்கலாமா? நியாயமான கேள்வி. ஒரு கிலோ பி.எச்.பி. செய்ய ஏறக்குறைய 3 கிலோ சர்க்கரை வேண்டும். பிளாஸ்டிக்குக்காக நெல் நிலத்தைக் கரும்பு நிலமாக்கத் தொடங்கினால் சோற்றுக்கு எங்கே போவது? ஆனால் பாக்டீரியாவுக்கு வெள்ளைச் சர்க்கரைதான் வேண்டுமென்று பிடிவாதம் இல்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் போதும். மரவள்ளித் திப்பியிலும் பால் பண்ணைக் கழிவு நீரிலும் வளர்க்கலாம். சாராயத்துக்குப் போகும் மொலாசஸில் ஒரு பங்கைப் பிளாஸ்டிக்குக்குத் திருப்பினால் யாருடைய சோறும் குறையாது.

இது கனவல்ல. பிரேசில் நாட்டில் 1990-களிலேயே, கோபர்சுகார் என்ற சர்க்கரை ஆலைகளின் கூட்டுறவும், சாவோ பாலோ பல்கலைக்கழகமும், அங்குள்ள தொழில் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து கரும்புச் சர்க்கரையிலிருந்து பி.எச்.பி. செய்யும் சோதனை ஆலையை செர்ரானா என்ற ஊரில் அமைத்தன. வெளியிலிருந்து எரிபொருள் வாங்கவில்லை. கரும்புச் சக்கையையே எரித்தார்கள். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் ஆலை.

நமக்கு என்ன குறைச்சல்? செங்கல்பட்டு மாவட்டத்துப் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறு பல இடங்களிலும் கூட்டுறவு ஆலைகள் உண்டு. மைசூரில் சர்க்கார் நடத்தும் சி.எஃப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி நிலையம் பி.எச்.ஏ. பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. கரும்பும் நம்முடையது, கூட்டுறவும் நம்முடையது, மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவும் நம்முடையது. மூன்றையும் ஒரு இடத்தில் சேர்ப்பதற்கு மட்டும் மனமில்லையா?

கம்பெனிக்கு மானியம் கொடுத்து அழைத்து வந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவர்களை ஸ்ரீபெரும்புதூருக்கு வரச் சொல்லுங்கள். 2006-ல் நோக்கியா இங்கே வந்தது. நிலம் கிடைத்தது, சலுகை கிடைத்தது, கோடிக்கணக்கில் போன்கள் செய்தது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் தெருவில் நின்றார்கள். பயோபோலைக் கைக்குக் கை மாற்றியவர்கள் நம் கரும்பை மட்டும் கைவிடாமல் கட்டிக் காப்பார்கள் என்று எந்தத் தைரியத்தில் நம்புவது?

இது நமக்கு எதற்கு?

சில தோழர்கள் சொல்கிறார்கள்: “கூலிக்கும் போனஸுக்கும் போராடவே நேரமில்லை, கிருமியும் என்சைமும் நமக்கு எதற்கு?” இது சரியல்ல. நமக்குத் தெரியாத விஞ்ஞானம் நம் தலைக்கு மேலே வரும். தெரிந்த விஞ்ஞானத்தைத்தான் நாம் கையில் பிடிக்க முடியும்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் உடனடியான சங்கதி ஒன்றும் உண்டு. பாக்டீரியாவின் உடம்பை உடைத்துப் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கவேண்டும். சோதனைச்சாலையில் இதற்குக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துவது வழக்கம். ஆலை அளவில் அதைச் செய்தால் ஈரலைக் கெடுக்கும் அந்த ஆவியைச் சுவாசிக்கப் போகிறவன் யார்? மானேஜரா? ஒப்பந்தத் தொழிலாளிதான். சோப்பு வகைப் பொருள்களாலும் என்சைம்களாலும் பிரித்தெடுக்கும் முறைகளும் உண்டு. எந்த முறை என்பதை லாபக் கணக்கு மட்டும் தீர்மானிக்க விடக்கூடாது.

இன்னொரு தோழர் பயப்படுகிறார்: ஜீன் மாற்றிய கிருமி வெளியே வந்து ஊரைக் கெடுக்காதா? பிளாஸ்டிக் செய்யும் கிருமி மூடிய எஃகுத் தொட்டிக்குள் வளர்கிறது. பிளாஸ்டிக்கை எடுக்கும்போதே அதன் உடம்பு உடைக்கப்படுகிறது. தொட்டிக் கழிவைக் கிருமி நீக்கித்தான் வெளியே விடவேண்டும். அதைக் கண்காணிக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பயத்தால் விஞ்ஞானத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது நமக்கு அழகல்ல.

எல்லாப் பிளாஸ்டிக்கையும் கிருமி செய்துவிடும் என்றும் மயங்கவேண்டாம். ஒரகடத்தில் ஓடும் காரின் பம்பருக்கு மக்கும் பிளாஸ்டிக் போடமுடியாது, போடவும் கூடாது. பையும் பருத்தியாகவே இருக்கட்டும். மண்ணில் கிடந்து நொறுங்கப்போகிற பண்டங்களுக்குத்தான் இது வேண்டும்: வயலில் போர்த்தும் தகடு, நாற்றுப் பை, உணவு உறை, ஆஸ்பத்திரிப் பண்டம் போன்றவை.

நாம் கேட்கவேண்டியது

1. “மக்கும்” என்று அச்சிடும் ஒவ்வொரு பையிலும், எந்தப் பொருளால் செய்தது, எங்கே மக்கும், எத்தனை மாதத்தில் மக்கும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் போட சட்டம் வேண்டும். வீட்டு எருக்குழியில் மக்காததை “மக்கும்” என்ற ஒற்றைச் சொல்லோடு விற்கக்கூடாது.

2. அத்தகைய பைகளை விற்கும் கம்பெனிகளின் செலவில் ஒன்றியந்தோறும் உரக்கூடம் அமைக்கவேண்டும். அங்கே வேலை செய்வோருக்குத் தொகுப்பூதியம் அல்ல, நிரந்தரச் சம்பளம் வேண்டும்.

3. படாளம் போன்ற ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் மொலாசஸிலிருந்து பி.எச்.ஏ. செய்யும் சோதனை ஆலையை சர்க்கார் முதலீட்டில் தொடங்கவேண்டும். வரும் லாபத்தில் கரும்பு விவசாயிக்கும் வெட்டுக் கூலிக்கும் பங்கு வேண்டும்.

4. தடையால் மூடிய பட்டறைத் தொழிலாளர்களுக்கும், குப்பை பொறுக்கிப் பிழைப்போருக்கும் புதிய தொழிலில் முதலிடம் வேண்டும்.

5. புதிய ஆலைகளில் நச்சுக் கரைப்பான் கூடாது. என்ன ரசாயனம் புழங்குகிறது என்பதைத் தொழிற்சங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. முதலிரண்டையும் வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே தீர்மானமாக வைக்கலாம். மற்றவற்றை ஆலை வாசலில் பேசலாம். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா தன் எருக்குழிப் பையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதிகாரிகள் முன்னால் அதை மேஜைமேல் வைத்து, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கப் போகிறார்.

ஒரு கிருமிக்குத் தெரிகிறது, மிஞ்சியதைச் சேர்த்துவைத்துப் பஞ்சத்தில் பகிர்ந்து வாழ. அதன் குதிரைத் திறக்கும் சாவியை விஞ்ஞானிகள் நம் காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சாவி எவன் இடுப்பில் தொங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை நமக்குப் பாக்கியிருக்கிறது. கிராம சபைக்கு வாருங்கள், தோழர்களே! வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பையைக் கொண்டு வாருங்கள்!